பணப்பையை யார் வைத்திருப்பது?

அன்புள்ள ஐயா,

‘பண ஆசை எல்லாத் தீமைக்கும் வேராயிருக்கிறது’ (1 தீமோத்தேயு 6:10) என்ற வசனத்தை வைத்துப் போன ஞாயிறு பிரசங்கம். அதிலிருந்து இரண்டு கேள்வி. மாதம் 10,000 ரூபாய் மியூச்சுவல் ஃபண்டில் போடுகிறேன், இதுவும் பண ஆசையா? தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு காணிக்கை) மொத்தச் சம்பளத்திலா, பிடித்தம் போகக் கைக்கு வருவதிலா? இந்த வருஷம் என்னைச் சபைப் பொருளாளராக்கியிருக்கிறார்கள். எல்லாரும் விசுவாசிகள், கணக்கு கிணக்கு என்று யாரும் கேட்பதில்லை. அதனால் பாரம் இல்லை. உள்ளத்தில் பண ஆசை வராமலிருக்க ஜெபித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

மியூச்சுவல் ஃபண்டில் தாராளமாகப் போடுங்கள். தசமபாகக் கேள்வி எனக்கு அலுத்துவிட்டது. ஒற்தலாமுக்கும் (புதினா) சீரகத்துக்கும்கூடத் தசமபாகக் கணக்குப் பார்த்தவர்களிடம் இயேசு என்ன சொன்னார் என்று வேதத்தைத் திறந்து பாருங்கள் (மத்தேயு 23:23).

‘கணக்கு கிணக்கு என்று யாரும் கேட்பதில்லை, அதனால் பாரம் இல்லை’ என்றீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாக எனக்குள் ஓடிக்கொண்டிருப்பதும் இதுதான். பண ஆசை என்றாலே அதை உள்ளத்துச் சமாசாரமாக்கி, ஜெபத்தோடு முடித்துக்கொள்கிறோம். கையில் ரொக்கம் வந்த இடங்களில் வேதம் அப்படி முடித்துக்கொள்ளவில்லை.

யோவாஸ் ராஜா ஆலயத்தைப் பழுதுபார்க்கும் பணத்தை ஆசாரியரை நம்பி விட்டான். அவனுடைய 23-ஆம் வருஷம் வரை ஒரு வேலையும் நடக்கவில்லை. பிறகு ஆசாரியன் யோய்தா ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் துவாரம் போட்டு, பலிபீடத்தண்டையில் வைத்தான். பெட்டி நிறைந்தால் பிரதான ஆசாரியன் மட்டும் வந்து எண்ண முடியாது, ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தர்) கூடவே வரவேண்டும். வேலை செய்வித்தவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்று அதே அதிகாரத்தில் இருக்கிறதே என்பார்கள், கமிட்டிகளுக்கு மிகவும் பிடித்த வசனம் அது. இரண்டு பேர் எண்ணிப் பையில் கட்டிய பிறகு கொடுத்த பணம் ஐயா அது!

ஆலயத்துக்கான வெள்ளியோடு பாபிலோனிலிருந்து எருசலேமுக்குப் புறப்பட்ட எஸ்றாவைப் பாருங்கள். அகாவா ஆற்றங்கரையில் உபவாசமும் ஜெபமும் முடிந்த கையோடு தராசை எடுக்கிறான். 650 தாலந்து வெள்ளியைப் பன்னிரண்டு பேரிடம் நிறுத்துக் கொடுத்து, எருசலேமில் மறுபடி நிறுத்து, நிறையை எழுதி வைக்கிறார்கள். பவுலும் தர்மப்பணத்தைத் தனியாகச் சுமக்கவில்லை. உடன் ஊழியன் தீத்துவோடு, சபைகள் தெரிந்தெடுத்த சகோதரனையும் அனுப்பினார். ‘கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும்’ என்கிறார். இன்னொரு பக்கம், யூதாஸ் ஒருவனே சீஷர்களின் பணப்பையை வைத்திருந்தான். கடைசி இராப்போஜனத்தில் அவன் எழுந்து போனபோதுகூடப் பண்டிகைக்குச் சாமான் வாங்கப் போகிறான் என்றுதான் மற்றவர்களில் சிலர் நினைத்தார்கள்.

ஆகவே ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பையை நீங்கள் தனியாக அவிழ்க்காதீர்கள். உறவில்லாத இரண்டு பேர் எண்ணட்டும், கணவன் மனைவி வேண்டாம், மாதாமாதம் ஆள் மாறட்டும். 500 எத்தனை, 200 எத்தனை, சில்லறை எவ்வளவு என்று தாளில் எழுதி அவர்கள் கையெழுத்துப் போட்ட பிறகு நீங்கள் வாங்கிக்கொண்டு கையெழுத்திடுங்கள். காணிக்கைக் கவரின் மேல் எழுதியதும் உள்ளே இருப்பதும் ஒன்றா என்று அங்கேயே பார்க்கவேண்டும். கவரைக் கிழித்துப் போடக்கூடாது. தாளில் உள்ள தொகை ஒரு ரூபாய் குறையாமல் திங்கட்கிழமை வங்கிக்குப் போகவேண்டும்.

பெரும்பாலான சபைகளில் ஓட்டை விழுவது இங்கேதான். கோயில்குட்டியாருக்கு (ஆலயப் பணியாளர்) 500, மைக் செட்டுக்கு 1,500, பூவுக்கு 300 என்று பையிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டு மிச்சத்தை வரவு வைப்பார்கள். யாரும் திருடவில்லை. ஆனால் அந்த 2,300 வரவிலும் இல்லை, செலவிலும் இல்லை. பையில் கைவிட்டுப் பழகியவர், வீட்டில் ஒரு அவசரம் என்றால் ‘நாளைக்குப் போட்டுவிடலாம்’ என்று எடுப்பார். இப்படித்தானய்யா பண ஆசை வருகிறது, கொம்பும் வாலுமாக வராது. சில்லறைச் செலவுக்கு வங்கியிலிருந்து தனியாக முன்பணம் எடுத்து வவுச்சர் போட்டுக் கொடுங்கள். ஆலய வாசலில் உங்கள் சொந்த ஜிபே க்யூஆர் ஒரு நாள்கூட ஒட்டப்படக் கூடாது.

காணிக்கையாக வந்த விளைபொருளை விற்கும் அறுப்பின் பண்டிகை ஏலம் இன்னொரு தலைவலி. பூசணிக்காய் 3,000-க்குப் போகும், கைதட்டுவார்கள், பணம் மட்டும் வராது. ஏலம் முடிந்த இடத்திலேயே பெயரும் தொகையும் எழுதி, எடுத்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள். மாதம் ஒன்று கழித்தும் வராவிட்டால் பாக்கிப் பட்டியலைக் கமிட்டியில் வாசியுங்கள். சத்தமாக ஏலம் கேட்டவர்தான் முதலில் கோபப்படுவார். படட்டும்.

இன்னும் பொறுப்பை முழுதாக வாங்கிக்கொள்ளவில்லையென்றால், பழைய பொருளாளரிடம் ரசீதுப் புத்தகங்களை வரிசை எண்ணோடு எழுதி வாங்குங்கள். எந்தப் புத்தகம் யார் கையில் இருக்கிறது, ரத்தான ரசீது அடிக்கட்டையோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு புத்தகம் குறைந்தால்கூடக் கையெழுத்துப் போடாதீர்கள். ‘நமக்குள்ளே என்ன தம்பி’ என்பார், அப்போதும்தான்.