மறு: நுரையையும் பளபளப்பையும் பிளாஸ்டிக் என்று காட்டும் கேமரா

வணக்கம். கடலில் மிதக்கும் பிளாஸ்டிக்கைக் கண்டுபிடிக்க, ராஸ்பெர்ரி பை (Raspberry Pi) என்ற சிறு கணினியில், படத்தில் உள்ள பொருள்களை அடையாளம் காணும் யோலோ (YOLO) மாடல் ஓடுகிறது, பழைய படங்களில் நன்றாக வருகிறது, படகில் கட்டியதும் நுரையையும் வெயில் பளபளப்பையும் பாட்டில் என்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய மாடலுக்கு மாற அவசரப்படாதீர்கள். கோளாறு பெரும்பாலும் படத்தில்தான் இருக்கும்.

முதலில் லென்ஸுக்கு முன்னால் ஒரு போலரைசிங் ஃபில்டர் வையுங்கள். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டத் திசையில் அதிரும் (போலரைஸ் ஆகியிருக்கும்); சரியாகத் திருப்பி வைத்தால் ஃபில்டர் அதைத் தடுக்கும். நேர்கீழிலிருந்து சுமார் 53 டிகிரி சாய்வில் பார்க்கும்போது இது உச்சத்தில் இருக்கும். கேமராவை அந்தக் கோணத்தை ஒட்டிச் சாய்த்து, ஃபில்டரை மெல்லத் திருப்பி, பளபளப்பு எங்கே மிகக் குறைகிறதோ அங்கேயே இறுக்கிவிடுங்கள்.

நுரைக்கு இது போதாது, பயிற்சிப் படங்கள்தான் வழி. பிளாஸ்டிக்கே இல்லாத கடல் படங்களை, நுரை, பாசி, பறவை எல்லாவற்றோடும், பொருளைக் குறிக்கும் பெட்டி எதுவும் வரையாமல், பயிற்சியில் சேர்த்துவிடுங்கள். உங்கள் கேமரா ஏமாந்த படங்களைவிட இதற்குப் பொருத்தமானவை இல்லை. ஒரே வீடியோவின் பிரேம்களை (தனித்தனிப் படங்களை) பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்துப் போடாதீர்கள். மதிப்பெண் பொய்யாக ஏறும். வேறொரு நாளில் எடுத்ததைச் சோதனைக்கு ஒதுக்குங்கள்.

அப்புறம், மினுக்கம் ஓரிரு பிரேமில் மறைந்துவிடும், பாட்டில் மறையாது. அடுத்தடுத்த ஐந்து பிரேமில் மூன்றிலாவது தெரிந்தால் மட்டும் எண்ணுங்கள். ராஸ்பெர்ரி பையிலேயே இது எளிதாக ஓடும்.

பிறகும் தவறினால் ஏமாந்த படங்கள் சிலவற்றை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.