ரயில் பெட்டியில் பிணம், பதிவேட்டில் கைரேகை: எதைக் கிண்டல் செய்யலாம்?

கேள்வி: ஐயா, மதுரையில் கல்லூரி நண்பர்கள் சேர்ந்து 20 நிமிடக் குறும்படம் ஒன்றை டார்க் காமெடியாக எடுக்க நினைக்கிறோம். 1952-இல் மானாமதுரையில் டிரங்குப் பெட்டிக்குள் தலையில்லாத உடல் கிடைத்த ஆளவந்தார் கொலை வழக்கை எடுக்கலாம் என்பது என் யோசனை. கைரேகைச் சட்டம் எனப்படும் குற்றப் பரம்பரைச் சட்டத்தையும், அதை எதிர்த்தவர்கள் சுடப்பட்ட பெருங்காமநல்லூரையும் எடுப்போம் என்கிறான் உசிலம்பட்டி நண்பன். வழக்கு வருமா? ஊரில் அடி விழுமா?

பதில்: இரண்டையும் எடுக்கலாம். சிரிப்பு யார் தலையில் விழப்போகிறது என்பதை மட்டும் முதல் வரி எழுதுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். வழக்கும் அடியும் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

ஆளவந்தார் சென்னை பாரிமுனைப் பகுதி வியாபாரி. 1952 ஆகஸ்ட் கடைசியில் ராயபுரத்து வீடு ஒன்றில் கொலையானார். தலை கடலுக்குப் போனது; உடல் பெட்டிக்குள் அடைபட்டு, எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி செல்லும் போட் மெயில் ரயிலில் ஏறியது. தலையைக் கடல் கரையிலேயே ஒதுக்கிவிட்டது. பெட்டியோ நாற்றம் தாங்காத பயணிகள் புகார் செய்ய, மானாமதுரையில் திறக்கப்பட்டது. கொலைக்குக் குற்றவாளி என்று தீர்ப்பான பிரபாகர மேனனுக்கு 7 ஆண்டும் அவர் மனைவிக்கு 3 ஆண்டும் சிறை விதித்தது நீதிமன்றம்.

இந்தக் கதையில் உங்களுக்குச் சொந்தமான இடம் ராயபுரம் வீடு அல்ல, அந்த மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டி. டிரங்குப் பெட்டிமேல் சம்மணமிட்டு ஒருவர் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கட்டும். எதிரே இருப்பவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒரு மூலையில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் கருவாட்டுக்காரியைத் திட்டட்டும். சுமைக்கு ரசீது இல்லை என்று பரிசோதகர் அபராதம் போட வரட்டும். பெட்டி என்னுடையதல்ல என்று ஆளுக்கு ஆள் சத்தியம் செய்யட்டும். செத்தவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை; அருகில் பிணம் இருப்பது தெரியாமல் சில்லறைக்குச் சண்டை போடும் நம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம்.

இன்னொரு பாத்திரமும் தருகிறேன்: கொலைச் சிந்து விற்பவர். பரபரப்பான கொலைகளைப் பாட்டாகக் கட்டி, மலிவான சிறு புத்தகமாக அச்சடித்துச் சந்தையிலும் ரயிலிலும் பாடி விற்றார்கள். கண்ணீரும் உபதேசமும் சம அளவில் இருக்கும். பெண்ணுக்குத்தான் உபதேசம் கூடுதல். விசாரணை முடியுமுன்பே மானாமதுரை நடைமேடையில் அவர் சிந்தை விற்றுத் தீர்ப்பதாக எழுதினால், இன்றைய தொலைக்காட்சி விவாதம் வரைக்கும் அந்தக் குத்து போய்ச் சேரும். பிரபாகர மேனன் மனைவியின் நடத்தையைத் துருவிச் சிரிக்கவைக்கும் வசனம் ஒன்றுகூட வேண்டாம். 1953-இல் நீதிமன்றத்துக்கு வேடிக்கை பார்க்கப் போன கூட்டமே அதைப் போதுமான அளவுக்குச் செய்துவிட்டது.

இனி சட்டம். கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் இதழ் வெளியிடுவது பற்றிய வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உங்களுக்கும் பொருந்தும்: நீதிமன்ற ஆவணம் முதலான பொது ஆவணங்களில் உள்ளதை யாருடைய சம்மதமும் இல்லாமல் வெளியிடலாம், அதைத் தாண்டி ஒருவரின் அந்தரங்கத்துக்குள் போனால் பொறுப்பு உங்களுடையது. பாலியல் குற்றத்துக்கு ஆளான பெண்ணின் அடையாளத்தை வெளியிடக் கூடாது. செத்தவர் வழக்குப் போட மாட்டார் என்றும் நினைக்காதீர்கள். குடும்பத்தார் மனம் நோகவேண்டும் என்ற நோக்கத்தோடு இறந்தவரை இழிவுபடுத்தினால் அதுவும் அவதூறாகலாம் என்கிறது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு. ஆகவே பெயர்களை மாற்றுங்கள். பிரான்சில் பல பெண்களைக் கொன்று 1922-இல் தலை வெட்டப்பட்ட லாண்ட்ருவின் கதையைச் சாப்ளின் 1947-இல் படமாக்கியபோது, கொலைகாரனுக்கு வெர்டூ என்று வேறு பெயர் வைத்தார். கேலியைப் போரில் லாபம் பார்க்கும் உலகத்தின் பக்கம் திருப்பிவிட்டார். பெயர் மாறியதும் கற்பனைக்குக் கை கால் முளைத்துவிடுகிறது. எனக்கு அதுதான் சட்டத்தைவிடப் பெரிய காரணம்.

உங்கள் நண்பரின் யோசனை இன்னும் கடினமானது. எனக்கு அதுதான் அதிகம் பிடித்திருக்கிறது. 1920 ஏப்ரல் 3 அன்று, கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். பிறப்பாலேயே குற்றவாளி என்று பிறமலைக் கள்ளர்களை எழுதிவைத்த குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் ஒழிந்தது. துப்பாக்கிச் சூட்டை நகைச்சுவையாக்க முடியாது, முயலவும் வேண்டாம். அந்தக் கைரேகைப் பதிவேட்டைக் கிண்டல் செய்யுங்கள். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும் என்ற விதி இருந்தது. தாலி கட்டும் முகூர்த்தத்துக்கு முன்பே மாப்பிள்ளையின் சீட்டு காலாவதியானால்? இறந்துபோனவர் பெயரை ஏட்டையா இரவுதோறும் கூப்பிட்டு, 'ஆஜராகவில்லை' என்று எழுதி, அவர்மேல் வழக்கும் பதிந்தால்? 'களவு இவர்கள் ரத்தத்திலேயே உண்டு' என்ற தொனியில் ஒரு வசனம் கைதட்டல் வாங்கினால் மட்டும், உங்கள் படம் அந்தச் சட்டத்தின் கட்சிக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதே சாப்ளின் 1940-இல் ஹிட்லரைக் கேலி செய்து படம் எடுத்தவர். வதைமுகாம்களின் உண்மையான கொடூரம் அப்போதே தெரிந்திருந்தால் அந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது என்று பிற்பாடு தன் சுயசரிதையில் எழுதினார். உங்களுக்கு எல்லாம் தெரிந்த பிறகு எடுக்கிறீர்கள். ஆகவே பெருங்காமநல்லூருக்குப் போய், நினைவுத்தூணைப் பார்த்துவிட்டு, பெரியவர்களிடம் கதையைப் படப்பிடிப்புக்கு முன்பே வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் எங்கே சிரிக்கிறார்கள், எங்கே மௌனமாகிறார்கள் என்று குறித்துவையுங்கள். அதைவிட நல்ல திரைக்கதை ஆலோசகர் கிடைக்கமாட்டார்.

யூடியூபில் போடத் தணிக்கைச் சான்றிதழ் தேவையில்லை. அவதூறுச் சட்டம் அங்கும் உண்டு. மண்டபத்திலோ தியேட்டரிலோ பொதுமக்களுக்குத் திரையிடுவதாக இருந்தால் சென்னை மண்டலத் தணிக்கை அலுவலகத்தில் சான்றிதழ் வாங்க வேண்டும். யு/ஏ பிரிவில் இப்போது 7, 13, 16 என்று வயது வரம்புகள் உண்டு. விண்ணப்பத்தோடு தரும் கதைச்சுருக்கத்தில் 'உண்மைச் சம்பவம்' என்று பெருமையாக எழுதிவிடாதீர்கள். பெயரை மாற்றியதெல்லாம் வீணாகிவிடும்.