சமன்பாட்டுக்குக் கீழே குறியீட்டு விளக்கம்: பத்தியா, பட்டியலா?

கேள்வி: காரிமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். மாங்கொட்டைக் கரியைக் கொண்டு கிணற்று நீரிலிருந்து ஃபுளோரைடை நீக்குவது பற்றிய என் ஆய்வேடு முடியும் நிலையில் இருக்கிறது. சமன்பாடுகளுக்குக் கீழே குறியீடுகளைப் பத்தியாக விளக்குவதா, பட்டியல் போடுவதா? முன்பக்கத்தில் குறியீட்டுப் பட்டியல் இருக்கும்போது கீழேயும் வேண்டுமா? டைப்பிங் சென்டரில், ஃபைலைக் கொடுத்தால் எல்லாவற்றையும் சரிசெய்து தருவதாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: இரண்டு இடத்திலும் வேண்டும். ஒரு குறியீடு முதன்முதலாக வரும் சமன்பாட்டின் கீழேயே அதை விளக்கிவிடுங்கள். அடுத்த சமன்பாட்டில் புதிதாக வந்ததை மட்டும் விளக்கினால் போதும். முன்பக்கப் பட்டியல், நடுவில் ஓர் அத்தியாயத்தைத் திறந்து படிப்பவருக்காக.

மூன்று குறியீடு வரை ஒரே வாக்கியத்தில் எழுதலாம். அதற்கு மேல் போனால் கோடில்லாத டேபிள் போடுங்கள்: குறியீடு, விளக்கம், அலகு என மூன்று நெடுவரிசை. புள்ளி வைத்த பட்டியல் வேண்டாம். விளக்கத்தைத் தொடங்கும் ‘வேர்’ (where) என்ற ஆங்கிலச் சொல் சின்ன எழுத்தில், இடது ஓரத்தை ஒட்டி வர வேண்டும். அது சமன்பாட்டு வாக்கியத்தின் தொடர்ச்சிதான், புதுப் பத்தி இல்லை. லேடெக் (LaTeX) என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் சமன்பாட்டுக்கும் அந்தச் சொல்லுக்கும் நடுவே காலி வரி விட்டால், அது புதுப் பத்தியாகி உள்ளே தள்ளி நிற்கும்.

மூன்றாவது நெடுவரிசையான அலகைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். உங்கள் ஆய்வேட்டில் கட்டாயம் வரும் சமன்பாட்டையே பாருங்கள். ஒரு கிராம் கரி எவ்வளவு ஃபுளோரைடைப் பிடிக்கிறது என்று காண, தொடக்கச் செறிவிலிருந்து சமநிலைச் செறிவைக் கழித்து, கரைசலின் கன அளவால் பெருக்கி, கரியின் எடையால் வகுக்கிறோம். செறிவு லிட்டருக்கு மில்லிகிராமில், கன அளவு லிட்டரில், எடை கிராமில் இருந்தால்தான் விடை கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் என்று வரும். ஆய்வகத்தில் நீங்கள் அளப்பது 50 மில்லிலிட்டர். அலகு எழுதாவிட்டால், அடுத்து வருகிறவர் 0.05க்குப் பதிலாக 50 என்று போட்டு ஆயிரம் மடங்கு கூடுதலாக விடை காண்பார்.

மாறிகள் சாய்ந்த எழுத்தில், அலகுகள் நிமிர்ந்த எழுத்தில். இதில் குழப்பம் வேண்டாம்.

ஒரே எழுத்து இரண்டு பொருளில் வரும் இடத்தை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். உங்கள் துறையில் இது தவிர்க்க முடியாதது. சின்ன டி (t) நேரம், பெரிய டி (T) வெப்பநிலை. பெரிய கே (K) லாங்முயர், ஃப்ராய்ண்ட்லிச் என்ற பரப்புக்கவர்தல் சமன்பாடுகள் இரண்டிலும் வரும்; சின்ன கே வேக மாறிலி. ஆர் (R) என்பது 8.314 என்ற வாயு மாறிலி. கீழே எல் போட்டால் லாங்முயரின் பிரிப்புக் காரணி. மேலே 2 போட்டால், தரவோடு சமன்பாடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் புள்ளியியல் அளவு. இவற்றை முன்பக்கத்தில் ஒரே வரியில் ‘அல்லது’ போட்டு அடைக்காதீர்கள். கீழ்க்குறியோடு சேர்த்து ஒவ்வொன்றுக்கும் தனி வரி கொடுங்கள். கீழ்க்குறியே இல்லாமல் ஒரே எழுத்து இரண்டு அத்தியாயங்களில் வேறு வேறு பொருளில் வந்தால், ஒன்றை மாற்றிவிடுங்கள். மாற்ற முடியாத அளவுக்குப் பழகிப்போன குறியீடென்றால், அந்த அத்தியாயத்தில் வரும் முதல் சமன்பாட்டின் கீழ் மறுபடி விளக்குங்கள். முன்பு சொன்னதைத் திரும்பச் சொல்கிறோமே என்று தயங்க வேண்டாம்.

சரி, டைப்பிங் சென்டர். கொடுக்காதீர்கள். வேர்டு டேபிளில் ஒரு கட்டத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் தானியங்கித் திருத்தம் உண்டு. நாமாக அணைத்தால்தான் நிற்கும். சின்ன டியைத் தட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனால் பெரிய டி ஆகிவிடும், நேரம் வெப்பநிலையாகிவிடும். தட்டுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். இதைவிட ஆபத்து, சிம்பல் ஃபான்ட். அதில் எம் (m) விசையைத் தட்டினால் மைக்ரோவைக் குறிக்கும் மியூ (μ) தெரியும். கடைசியில் மொத்த ஃபைலையும் தேர்ந்தெடுத்து டைம்ஸ் நியூ ரோமனுக்கு மாற்றும்போது அந்த மியூ மறுபடி எம் ஆகி, மைக்ரோகிராம் மில்லிகிராமாகிவிடும். குடிநீரில் ஃபுளோரைடுக்கு இந்தியத் தரநிலை ஏற்கும் அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம்; வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 வரை. இவ்வளவு நுணுக்கமான எல்லையை வைத்துக்கொண்டு ஆயிரம் மடங்கு பிழையோடு அச்சடித்தால், தருமபுரி மாவட்டத்துக் கிணற்று நீரைப் பற்றிச் செய்த ஆய்வு யாருக்குப் பயன்படும்?

சில இடங்களில் சமன்பாட்டைப் படமாக ஒட்டி, பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, பிடிஎஃப் மட்டும் தருகிறார்கள். வழிகாட்டி ஒரு எழுத்தைத் திருத்தச் சொன்னாலும் மறுபடி அவர்களிடம்தான் போய் நிற்க வேண்டும். இந்தப் பிழைப்புக்கு வழிவிடுவது நம் நடைமுறைதான். ஆய்வேட்டை வாங்கிச் சரிபார்ப்பவர்கள் ஓரம் எத்தனை மில்லிமீட்டர், அட்டை என்ன நிறம் என்று ஸ்கேல் வைத்துப் பார்க்கிறார்கள். குறியீட்டுப் பட்டியலில் அலகு இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

நீங்கள் லேடெக்கில் செய்கிறீர்கள் என்றால் இன்னொன்று. ‘நோமென்கிளேச்சர்’ என்ற தொகுப்பு உருவாக்கும் குறியீட்டுப் பட்டியல் பிடிஎஃபில் வெறுமையாக வந்தால் பயப்பட வேண்டாம். ஒருமுறை கம்பைல், அப்புறம் பட்டியலை வரிசைப்படுத்தும் மேக்இண்டெக்ஸ் நிரல், மறுபடி கம்பைல். இதற்கும் காசு கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

வேர்டில் என்றால் இன்றே தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டு, குறியீடுகளைச் சமன்பாட்டுப் பெட்டியிலேயே தட்டுங்கள். பிறகு முன்பக்கப் பட்டியலை அச்செடுத்து, ஒவ்வொரு வரியையும் அது முதலில் வரும் சமன்பாட்டோடு பேனாவால் டிக் அடித்துச் சரிபாருங்கள். டிக் விழாத வரி இருந்தால், அந்தக் குறியீடு ஆய்வேட்டில் எங்கும் வரவில்லை என்று பொருள். அதை எடுத்துவிடுங்கள்.