வால்டன் குளமும் தோரோவும்: கேள்வி பதில்

கேள்வி: 'வால்டன்' எழுதிய அமெரிக்க எழுத்தாளர் தோரோ, காட்டில் தனியாக வாழ்ந்த துறவிதானே?

பதில்: அப்படி அவரே சொல்லவில்லை. மாசசூசெட்ஸின் கான்கார்ட் ஊரிலிருந்து நடந்து போகிற தூரத்தில், அவருடைய நண்பரும் எழுத்தாளருமான எமர்சனுக்குச் சொந்தமான வால்டன் குளக்கரை நிலத்தில், பத்துக்குப் பதினைந்து அடி வீடு. குளத்தை ஒட்டி ரயில் ஓடியது. 1845 ஜூலை 4 முதல் 1847 செப்டம்பர் 6 வரை இருந்தார். 'வால்டன்' புத்தகத்தில் அதை ஓராண்டாகச் சுருக்கினார். மூலத்தைப் படியுங்கள், சூரியோதயப் படத்தில் அச்சடித்த வாசகங்களை அல்ல.

கேள்வி: எமர்சனும் தோரோவும் சார்ந்த டிரான்சென்டென்டலிசம் என்றால்?

பதில்: புலன்கள் காட்டுவதைத் தாண்டி உள்ளுணர்வும் உண்மையைக் காட்டும் என்ற நம்பிக்கை. எமர்சனின் 'நேச்சர்' (1836) படியுங்கள்.

கேள்வி: தோரோவின் துணியை அவர் அம்மாதான் துவைத்தாராமே?

பதில்: வீடு கட்ட 28 டாலர் 12½ சென்ட் என்று கணக்கெழுதியவர், துவைப்பதும் தைப்பதும் பெரும்பாலும் வெளியே நடந்தன, பில் இன்னும் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறார். ஒளிக்கவில்லை.

கேள்வி: அம்மா துவைத்த துணியோடு என்ன சுயசார்பு?

பதில்: மேலே பார்க்கவும்.

கேள்வி: பார்த்தேன். அரைச் சென்ட்டைக்கூட விடாதவர், துவைத்தவர் பெயரை ஏன் விட்டார்?

பதில்: இது கேள்வி. தோற்றேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பதில் இல்லை. வெளியே சாப்பிட்டதையும் அவர் ஒத்துக்கொள்கிறார். சமைத்தவர்கள் கணக்கில் வரவில்லை. அதற்காகப் புத்தகத்தையே தூக்கி எறிபவர்களுக்கு ஒன்று: முதலில் மூலம், பிறகு தீர்ப்பு.

கேள்வி: மெட்ராஸ் அதில் வருகிறதா?

பதில்: அப்பாடா, சலவை இல்லாத கேள்வி. வருகிறது. 1846-47 குளிர்காலத்தில் ஆட்கள் நூறு பேர் வந்து குளத்தின் பனிக்கட்டியை அறுத்து அடுக்கினார்கள். அப்போது அமெரிக்கப் பனிக்கட்டி கப்பலேறி இங்கு வந்துகொண்டிருந்தது. மெரினாவில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ் அதைச் சேமிக்கக் கட்டியதுதான். மெட்ராஸ், பம்பாய், கல்கத்தாக்காரர்கள் என் கிணற்றில் குடிக்கிறார்கள் என்கிறார் தோரோ. காலையில் பகவத் கீதையில் மூழ்கியவருக்கு, தன் குளத்து நீர் கங்கையோடு கலப்பதாகத் தோன்றுகிறது. அழகான கற்பனை. ஆனால் அதே அத்தியாயத்தில் சில பக்கங்களுக்கு முன் அவரே எழுதியது: பத்தாயிரம் டன் என்று மதிப்பிட்ட அந்தக் குவியலில் ஒரு பகுதிதான் போனது. வைக்கோலும் பலகையும் போட்டு மூடியிருந்ததைப் பிரித்த பிறகு வெயிலில் கிடந்த மிச்சம், 1848 செப்டம்பர் வரை உருகி, பெரும்பங்கு குளத்துக்கே திரும்பியது.

கேள்வி: துணி துவைத்தது யார் என்று கடைசிவரை சொல்லவில்லையே?

பதில்: இன்றைக்கு இவ்வளவுதான்.