இடி மழையும் மீன் தொட்டியும்: யூபிஎஸ் வாங்குவதற்கு முன்

கேள்வி: நாங்கள் கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். நான்கடித் தொட்டியில் ஓர் அரோவானா, ஐந்து பேரட் மீன், கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் ஒரு பண்டாராயா மீன். கேனிஸ்டர் ஃபில்டர் ஒன்றுதான் ஓடுகிறது. போன வாரம் மதியம் இரண்டு மணிக்கு நல்ல இடி மழை. நானும் வீட்டுக்காரரும் வேலையில் இருந்தோம். ஏழு மணிக்கு வந்து பார்த்தால் வீடு இருட்டு, எதிர்வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டு மின்சுவிட்சுப் பெட்டியான டிபி பாக்ஸில் மெயின் சுவிட்ச் விழுந்திருந்தது. தூக்கிவிட்டதும் கரண்ட் வந்துவிட்டது. மூன்று பேரட் செத்துக் கிடந்தன. அரோவானா மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. கரண்ட் வந்து ஒரு மணி நேரம் கழித்து நான்காவது பேரட்டும் போய்விட்டது. பண்டாராயா மீனுக்கு மட்டும் ஒன்றுமே இல்லை. இடி கரண்ட் தண்ணீரில் இறங்கிவிட்டது என்கிறார் வீட்டுக்காரர். கடைக்காரர் 1000 விஏ யூபிஎஸ் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா அண்ணே? புதுப் பேரட் எப்போது விடலாம்?

பதில்: யூபிஎஸ் பணத்தைக் கொஞ்சம் பத்திரமாக வைத்திருங்கள், தங்கச்சி. உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது.

முதலில் வீட்டுக்காரரின் சந்தேகம். தண்ணீரில் மின்சாரம் பாய்ந்திருந்தால் பண்டாராயா மீனையும் அது விட்டுவைத்திருக்காது. அந்த மீன் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்தால் மேலே போய் ஒரு வாய் காற்றை விழுங்கி, வயிற்றுச் சுவர் வழியாகவே சுவாசித்துக்கொள்ளும். பேரட்டுக்கு அந்த வசதி கிடையாது. மற்றவை மூச்சு முட்டிச் சாக, பண்டாராயா மீன் மட்டும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு சாவகாசமாக இருந்தால், ஆக்ஸிஜன் தீர்ந்துபோனது என்றுதான் அர்த்தம்.

எவ்வளவு சீக்கிரம் தீரும்? நான்கடிக்கு ஒன்றரை அடி, ஒன்றரை அடி உயரத் தொட்டி என்றால் சுமார் 240 லிட்டர். நம் ஊர் வெப்பத்தில், 28 டிகிரியில், ஒரு லிட்டர் தண்ணீர் 8 மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவான ஆக்ஸிஜனைத்தான் கரைத்து வைத்திருக்கும். அப்படியானால் முழுத் தொட்டியிலும் 2 கிராம்கூட இல்லை. ஒரு பெரிய அரோவானாவும் ஐந்து பேரட்டும் சேர்ந்து இரண்டு கிலோ எடை இருந்தால், மணிக்கு அரை கிராம்போலச் செலவாகும். தண்ணீரின் மேற்பரப்பு வழியாகக் கொஞ்சம் உள்ளே வரும். ஆனால் ஃபில்டர் நின்று தண்ணீர் அசையாமல் கிடந்தால் அது போதாது. தோராயக் கணக்குதான், ஆனாலும் இரண்டு மூன்று மணி நேரத்தில் மீன்கள் திணறத் தொடங்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் வந்தது ஐந்து மணி நேரம் கழித்து. குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியதைப் படித்துவிட்டு சிலர் ஹீட்டரைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். கோலாலம்பூரில் அந்தக் கவலை வேண்டாம். நமக்குச் சூடுதான் பிரச்சினை. தண்ணீர் சூடாக ஆக, அதில் ஆக்ஸிஜன் குறையும்.

இனி முக்கியமான விஷயம்: எதிர்வீட்டில் ஓடிய டிவி. மின்சார நிறுவனமான தெனாகாவின் கரண்ட் போகவே இல்லை, அல்லது போய் உடனே வந்துவிட்டது. ஐந்து மணி நேரம் இருட்டாக இருந்தது உங்கள் வீடு மட்டும். நாம் பழக்கத்தில் இ.எல்.சி.பி. என்று சொல்லும் ஆர்.சி.சி.பி. விழுந்துவிட்டது, தூக்கிவிட ஆளில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இடி மழை பெரும்பாலும் பிற்பகலில், எல்லாரும் வேலையில் இருக்கும் நேரத்தில்தான் கொட்டுகிறது. 1996 ஆகஸ்ட் 3-ஆம் தேதி தீபகற்பம் முழுவதும் இருண்டதே, அப்படிப்பட்ட நாள் அபூர்வம். தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஆண்டு முழுக்கத் தொல்லை கொடுப்பது இந்தச் சின்ன சுவிட்ச்தான்.

அது ஏன் விழுகிறது? உள்ளே போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். எங்காவது நிலத்துக்குக் கசிந்து வித்தியாசம் வந்தால் வெட்டிவிடும். வீட்டு பிளக்குகளுக்கு வழக்கமாக அந்த அளவு 30 மில்லியாம்ப். அருகில் இடி இறங்கும்போது ஒயரில் ஒரு கணம் மின்னழுத்தம் எகிறும். அப்போது அடாப்டர்கள் வழியாகக் கொஞ்சம் நிலத்துக்கு இறங்கும். சுவிட்ச் அதைக் கசிவு என்று நினைத்து விழுந்துவிடும். வீட்டில் ஏற்கெனவே பழைய பம்ப், வாட்டர் ஹீட்டர், வாஷிங் மெஷின் என்று ஒவ்வொன்றிலும் சிறிது கசிந்துகொண்டிருந்தால், இலேசான இடிக்கே விழும்.

எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை டிபி பாக்ஸைத் திறந்து பாருங்கள். எல்லாச் சின்ன சுவிட்சுகளையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யைத் தூக்கி, பிறகு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். தொட்டியின் பிளக் இருக்கும் வரிசையை ஏற்றும்போது விழுந்தால், தொட்டிச் சாமான்களில் ஏதோ ஒன்று கசிகிறது. ஒயர் உரிந்த பம்பையும் விரிசல் விட்ட ஹீட்டரையும் தூக்கிப் போடுங்கள்; ஒட்டுப் போட்டு ஓட்டாதீர்கள். எதிலும் விழாமல், இடி இடித்தால் மட்டும் விழுகிறது என்றால், எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டு இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, டிபி பாக்ஸிலேயே இடி அலையைத் தாங்கும் சர்ஜ் பாதுகாப்புக் கருவி. இன்னொன்று, தொட்டிக்கென்று தனி ஆர்.சி.பி.ஓ., அதாவது கசிவுக்கும் அதிகச் சுமைக்கும் சேர்த்து வெட்டும் சுவிட்ச். அதைப் பொது ஆர்.சி.சி.பி.க்கு முன்னாலிருந்தே பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பின்னால் மாட்டினால், பெரியது விழும்போது தொட்டியும் சேர்ந்துதான் விழும், பணம் தண்டம். விழுந்த சுவிட்சைத் தானே தூக்கிவிடும் கருவியும் கடையில் உண்டு. கசிவு இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்த பிறகே ஏற்றும் வகையை மட்டும் வாங்குங்கள். வாடகை வீடு என்றால் முதலில் வீட்டு உரிமையாளரைக் கேட்க வேண்டியிருக்கும்.

ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாகச் செய்யக் கூடாது. அடிக்கடி விழுகிறதே என்று 30 மில்லியாம்ப்பை எடுத்துவிட்டு 100 மாட்டுவது, அல்லது நேராக ஒயரை இழுத்து ஆர்.சி.சி.பி.யையே ஒதுக்கிவிடுவது. இப்படிச் செய்து கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள், சில வீடுகளில் பார்த்தும் இருக்கிறேன். வாரா வாரம் தொட்டிக்குள் முழங்கை வரை கை விடுகிறவர் நீங்கள். மீன் போனால் மீன் வாங்கலாம்.

சரி, யூபிஎஸ். 1000 விஏ என்பது ஒரே நேரத்தில் எவ்வளவு சுமை தாங்கும் என்ற கணக்கு, எவ்வளவு நேரம் ஓடும் என்ற கணக்கில்லை. நேரம் உள்ளே இருக்கும் பேட்டரியைப் பொறுத்தது. வீட்டுக் கணினிக்கு விற்கும் சின்ன யூபிஎஸ்ஸில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 அல்லது 9 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இருக்கும். 84 முதல் 108 வாட்-மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 230 வோல்ட்டாக மாற்றுவதற்கே யூபிஎஸ் கொஞ்சம் தின்றுவிடும். மிச்சத்தில் 25 வாட் கேனிஸ்டர் எவ்வளவு நேரம் ஓடும்? இரண்டு மணி நேரம் ஓடினால் பெரிய விஷயம். உங்களுக்குத் தேவைப்பட்டது ஐந்து. போதாததற்கு, மலிவு யூபிஎஸ்கள் கொடுக்கும் மின்சாரத்தின் அலை வடிவம் ஒழுங்காக இருக்காது. பம்ப் உறுமும், சூடாகும். ஆளில்லாத வீட்டில் அது பீப் பீப் என்று கத்திக்கொண்டிருப்பது வேறு.

இப்போது இன்னொரு கணக்கு. 20,000 எம்ஏஎச் பவர்பேங்கில் சுமார் 74 வாட்-மணி இருக்கும், கைக்கு வருவது 60 போல. யூஎஸ்பியில் ஓடும் சின்னக் காற்று பம்ப் இழுப்பது 2 வாட்தான். 30 மணி நேரம் ஓடும். கரண்ட் போன நேரத்தில் தொட்டிக்கு வேண்டியது காற்று மட்டும்தான்; தண்ணீரைச் சுத்தம் செய்வதெல்லாம் அப்புறம். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவாக இருந்தால், போன் நிரம்பிவிட்டது என்று நினைத்துச் சில பவர்பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். வீட்டில் இருக்கிறதை வைத்து ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

ஆனால் உங்கள் வீட்டில் பகலில் ஆளில்லை, பவர்பேங்கை யார் செருகுவது? உங்களுக்கு ஏற்றது உள்ளேயே பேட்டரி வைத்த காற்று பம்ப். எப்போதும் பிளக்கில் இருக்கும், கரண்ட் நின்றதும் தானாகப் பேட்டரிக்கு மாறிவிடும். இதில் இரண்டு வகை. கரண்ட் இருக்கும்போது சும்மா இருந்து, போனால் மட்டும் ஓடுவது ஒன்று; எந்நேரமும் ஓடுவது இன்னொன்று. எந்நேரமும் ஓடுவதை வாங்கி, அதன் குழாயை வெறும் காற்றுக் கல்லில் மாட்டாமல் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரில் மாட்டுங்கள். நான்கு முதல் ஆறு வாரங்களில் அந்த ஸ்பாஞ்சில் நல்ல பாக்டீரியா குடியேறிவிடும். பிறகு கரண்ட் போனாலும் ஆக்ஸிஜனும் கிடைக்கும், ஒரு ஃபில்டரும் உயிரோடு இருக்கும். காற்று பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, கேபினட்டுக்குள் இருந்தால் குழாயில் ஒரு செக் வால்வு கட்டாயம். பம்ப் நின்றால் தண்ணீர் குழாய் வழியே திரும்பி வந்து பம்புக்குள் இறங்கும், அங்கிருந்து எக்ஸ்டென்ஷன் பிளக்குக்கும் போகும்.

நான்காவது பேரட்டுக்கு வருவோம். அதைக் கொன்றது அனேகமாக உங்கள் ஃபில்டர். மூடிய கேனிஸ்டருக்குள் தண்ணீர் ஓடாமல் நின்றால், உள்ளே இருக்கும் ஆக்ஸிஜனை அங்குள்ள பாக்டீரியாக்களே தீர்த்துவிட்டு, பிறகு சாகத் தொடங்கும். சிக்கிக் கிடக்கும் கழிவு அழுகும். ஐந்து மணி நேரம் நின்ற கேனிஸ்டரின் மூடியைத் திறந்தால் பழுப்புத் தண்ணீரும், சில நேரம் அழுகிய முட்டை நாற்றமும் முகத்தில் அடிக்கும். நீங்கள் சுவிட்சைத் தூக்கியதும் அத்தனையும் ஒரே மூச்சில் தொட்டிக்குள் வந்து விழுந்திருக்கிறது. ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்த மீன் எப்படித் தாங்கும்?

இனிமேல் கரண்ட் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால், மெயினைத் தூக்குவதற்கு முன் கேனிஸ்டர் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஸ்பாஞ்சையும் செராமிக் வளையங்களையும் தொட்டித் தண்ணீர் எடுத்த வாளியில் அலசுங்கள். பைப் தண்ணீரில் அலசினால் மிச்சமிருக்கும் பாக்டீரியாவைக் குளோரின் கொன்றுவிடும். பிறகு கால் பங்கு தண்ணீரை மாற்றி, குளோரின் நீக்கி ஊற்றிவிட்டு ஓட்டுங்கள். அன்றைக்கும் மறுநாளும் தீனி வேண்டாம். வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் பட்டினியைச் சாதாரணமாகத் தாங்கும்.

நீங்கள் வீட்டில் இருக்கும்போது கரண்ட் போனால், முதலில் வாசலுக்கு வந்து நடைபாதை விளக்கைப் பாருங்கள். அது எரிந்தால் உங்கள் டிபி பாக்ஸ்தான். எல்லாமே இருட்டு என்றால் 15454-க்குச் சொல்லிவிட்டு, ஒரு ஜக்கால் தண்ணீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருங்கள்; கால் மணிக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் செய்தாலே மீன் மூச்சு விடும். இடி தலைக்கு மேல் இடிக்கும்போது மட்டும் தண்ணீரில் கை வைக்காமல் பொறுங்கள். மூடியைத் திறந்து போடாதீர்கள். மின்னல் வெட்டில் மிரண்டு அரோவானா குதிக்கும், காலையில் சோபாவுக்குக் கீழே தேட வேண்டியிருக்கும். செடித் தொட்டிக்குக் கார்பன் டை ஆக்ஸைடு விடுகிறவர்கள், கரண்ட் போனால் தானே மூடிக்கொள்ளும் சொலினாய்டு வால்வு இல்லாவிட்டால் சிலிண்டரைக் கையாலேயே மூட வேண்டும்.

எல்லாம் மாட்டிய பிறகு சோதித்துப் பார்க்க இடிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆர்.சி.சி.பி.யிலும், தொட்டிக்குத் தனி ஆர்.சி.பி.ஓ. மாட்டியிருந்தால் அதிலும், டெஸ்ட் என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை, கணினியையெல்லாம் அணைத்துவிட்டு, அதை அழுத்துங்கள். சுவிட்ச் டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது பழுது, உடனே மாற்றுங்கள். விழுந்த மறுகணம் காற்று பம்ப் தானாக ஓடுகிறதா, எந்தக் குழாயிலாவது தண்ணீர் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஒருமுறை பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்றும் பாருங்கள். அதற்காக கேனிஸ்டரை நிறுத்தி வைக்க வேண்டாம். சுவிட்சைத் தூக்கிவிட்டு, காற்று பம்பின் பிளக்கை மட்டும் கழற்றினால் போதும். டப்பாவில் போட்டிருக்கும் மணிக்கணக்கை நான் நம்புவதில்லை.

புதுப் பேரட் பற்றிக் கேட்டீர்கள். அம்மோனியா, நைட்ரைட் சோதனைத் திரவம் வாங்கி ஒரு வாரம் தினமும் பாருங்கள். இரண்டும் தொடர்ந்து பூஜ்யம் காட்டும் வரை எதையும் விடாதீர்கள். அதன் பிறகும் நான்கை ஒரேயடியாக வாங்க வேண்டாம். அரோவானா வளர்ந்துவிட்டால் நான்கடித் தொட்டி அதற்கே போதாது. ஒரு பேரட் துணைக்குப் போதும். கூட்டம் பாதியானால், கரண்ட் போன நேரத்தில் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசமும் நன்றாகவே கூடும்.