கணக்குக் கேட்டவருக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: எங்கள் சபையில் இந்த ஆண்டு அசனப் பண்டிகையின் (சபையார் எல்லோரும் கூடிச் சாப்பிடும் விருந்தின்) பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். பண்டிகைக்குப் பின் நடந்த கமிட்டிக் கூட்டத்தில், பல ஆண்டுகள் அந்தப் பொறுப்பைச் சுமந்த பெரியவர் ஒருவர், "எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி முடிவு செய்தாய்?" என்று எல்லோர் முன்னிலையிலும் சத்தம் போட்டார், அரிசிக் கணக்கிலும் கறிக் கணக்கிலும் சந்தேகம் இருப்பதுபோலவும் பேசினார். அன்று நான் வாய் திறக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் பேசியாக வேண்டும். சாந்தமாகப் பேசினால் குற்றத்தை ஒப்புக்கொண்டது போல ஆகிவிடாதா?
– வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: அந்தப் பெரியவர் உங்களிடம் கேட்ட அதே கேள்வியை இஸ்ரவேலரில் ஒரு பிரிவான எப்பிராயீம் கோத்திரத்தார் இரண்டு முறை கேட்டதாக வேதாகமத்தின் நியாயாதிபதிகள் புத்தகம் சொல்கிறது. இஸ்ரவேலின் எதிரிகளான மீதியானியரை முறியடித்த தலைவர் கிதியோனிடம், "யுத்தத்துக்கு எங்களை ஏன் அழைக்கவில்லை?" என்று அவர்கள் பலமாய் வாக்குவாதம் செய்தபோது (8-ஆம் அதிகாரம்), ஓரேப், சேப் என்னும் மீதியானிய அதிபதிகளைப் பிடித்தது அவர்களே என்பதை நினைவூட்டி, அதற்கு முன்னால் தான் செய்தது எம்மாத்திரம் என்று அவர் சொன்னார், அவர்கள் கோபம் ஆறிற்று. 12-ஆம் அதிகாரத்தில் அதே கோத்திரத்தார், வீட்டோடு கொளுத்திவிடுவோம் என்ற மிரட்டலோடு, பிற்காலத்துத் தலைவரான யெப்தாவிடம் அதே குறையைச் சொன்னார்கள். "நான் கூப்பிட்டேன், நீங்கள்தான் வரவில்லை" என்று யெப்தா பதில் கொடுத்தார். அவர் பக்கத்தில் நியாயம் இருந்திருக்கலாம்; ஆனால் வாக்குவாதம் யுத்தமாகி, எப்பிராயீமரில் 42,000 பேர் மாண்டார்கள்.

கிதியோன் பேசியது முகஸ்துதி அல்ல என்பதை நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஓரேபையும் சேபையும் அவர்கள் பிடித்தது நடந்த உண்மை. ஒதுக்கப்பட்டோம் என்று புண்பட்டிருந்தவர்களுக்கு உரிய மரியாதையை, உண்மை மாறாமல் அவர் கொடுத்தார். (அதே கிதியோன், அதே அதிகாரத்தில், சுக்கோத் என்னும் ஊரின் மூப்பர்களை முள்ளுகளால் தண்டித்ததையும் வாசிக்கிறோம். ஆகவே சாந்தமான பேச்சு சிலருக்கு மட்டும் வாய்த்த பிறவிக் குணம் என்று எண்ணி, "எனக்கு அது வராது" என்று ஒதுங்கிவிடாதீர்கள்.)

உங்கள் பெரியவருடைய கோபத்தில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன; இரண்டுக்கும் ஒரே பதில் பொருந்தாது. கேட்காமல் விட்டது உண்மையானால், "ஐயா, இத்தனை வருஷம் இந்த வேலையை முன்னின்று செய்தவர் நீங்கள், உங்கள் வீட்டுக்கு வந்து கேட்டிருக்க வேண்டும்" என்று தயங்காமல் சொல்லுங்கள். கணக்கைப் பற்றிய சந்தேகத்துக்கோ நீங்கள் பணிந்துபோக வேண்டியதில்லை. பிரதான ஆசாரியனுக்கு முன்பாகச் சேவகன் ஒருவன் தம்மை அறைந்தபோது, தாம் பேசியது தகாததானால் அதைக் காட்டும்படியும், தகுதியானதானால் ஏன் அடிக்கிறாய் என்றும் இயேசு கேட்டார் (யோவான் 18:23). அவர் ஏசவும் இல்லை, குற்றத்தை ஏற்றுக்கொள்ளவும் இல்லை, ஆதாரம் கேட்டார். நீங்களும், "ரசீதுகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன, வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்" என்று குரலை உயர்த்தாமல் சொல்லலாம். அது எந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்வதாகாது.

இதைக் கூட்டத்துக்கு முன்பே, அவர் வீட்டில், தனியாகச் சொல்லுங்கள். "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்று மத்தேயு 18:15 வைக்கிற ஒழுங்கு அதுதான். நாலு பேர் பார்க்கும் இடத்தில் எந்தப் பெரியவருக்கும் தன் சொல்லை விட்டு இறங்குவது கடினம். சபையின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் தயவுசெய்து பதில் எழுதாதீர்கள். எழுத்தில் உங்கள் குரலின் சாந்தம் அவரைச் சேராது. வாசிக்கிற ஒவ்வொருவரும் தம் மனதிலுள்ள தொனியை அதில் ஏற்றிக்கொள்வார்கள்.

போன பிறகும் அவர் செவிகொடுக்காவிட்டால், மத்தேயுவில் அடுத்த வசனம் (18:16) சொல்கிறபடி ஒருவரையோ இருவரையோ அழைத்துக்கொண்டு மறுபடியும் போங்கள். அவர்களில் ஒருவர் அவர் மதிக்கிறவராக இருக்கட்டும். அதன்பின் ரசீதுகளை ஆயரிடமும் பொருளாளரிடமும் ஒப்படைத்து, கமிட்டியிலேயே சரிபார்க்கும்படி நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.