மோர்க்குழம்பில் திரிந்துபோன கிரேக்கத் தயிர்

கேள்வி: விடுமுறைக்கு வந்திருக்கும் என் மகள், உடம்புக்கு நல்லதென்று சொல்லி, கொழுப்பு நீக்கிய கிரேக்கத் தயிர் டப்பாக்கள் நான்கை வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் அடுக்கிவைத்திருக்கிறாள். சாதத்தில் பிசைந்தால் களி மாதிரி இருக்கிறது. மோர்க்குழம்பு வைத்தேன், திரிதிரியாகப் பிரிந்துவிட்டது. இதில் எளிதாக என்ன இனிப்பு, என்ன காரம் செய்யலாம்? பத்து மாதப் பேரனுக்குக் கொடுக்கலாமா? வீட்டிலேயே தயாரிக்க முடியுமா?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மோர்க்குழம்பு திரிந்ததில் உங்கள் கைப்பக்குவத்தின் மேல் குற்றமில்லை. உறைந்த தயிரைத் துணியில் கட்டித் தெளிநீரை வடித்துவிட்டால் எஞ்சுவதுதான் கிரேக்கத் தயிர். கிரேக்கர்களும் அதை ‘வடித்தது’ என்ற பொருளில் ‘ஸ்ட்ராங்கிஸ்டோ’ என்றே அழைக்கிறார்கள். நீர் போய்விடுவதால், சாதாரணத் தயிரில் 100 கிராமுக்கு 3 முதல் 4 கிராம் வரை உள்ள புரதம் இதில் 9, 10 கிராம் அளவுக்கு இருக்கும் என்பதால், உங்கள் மகள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால், நீரை வடிப்பதற்கென்றே கூடுதல் விலை கொடுத்து வாங்கிய தயிரில் மறுபடியும் நீரை ஊற்றிக் கடைவது வீண் செலவு. தவிரவும், புளிப்பும் கொதியும் ஒன்றுசேரும்போது பாலின் புரதம் சுருண்டு கட்டிப்படும். அதைத் தடுப்பவை கொழுப்பும் மாவுச்சத்தும். மோர்க்குழம்புக்கு அரிசியையும் பருப்பையும் ஊறவைத்து அரைத்து விடுவதற்கு அதுவும் ஒரு காரணம். கொழுப்பு இல்லாத டப்பாத் தயிரைக் கொதிக்கும் குழம்பில் ஊற்றினால் திரியாமல் என்ன செய்யும்? ஆகவே குழம்புக்கு வீட்டுத் தயிரே இருக்கட்டும். இதை அடுப்பில் ஏற்றாத பண்டங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காரத்தில் முதலில் செய்து பார்க்க வேண்டியது, கிரேக்கர்களின் ‘சட்சிகி’. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நம் வெள்ளரிக்காய்ப் பச்சடிக்கு அது ஒன்றுவிட்ட சகோதரிதான். நடுத்தர வெள்ளரிக்காய் ஒன்றைத் துருவி, அரை தேக்கரண்டி உப்புப் பிசறி, இருபது நிமிடம் வையுங்கள். பிறகு அதை ஒரு மெல்லிய துணியில் மூட்டையாகக் கட்டி, ஈரத் துணி பிழிவதைப் போல முறுக்கிப் பிழிய வேண்டும். கால் டம்ளருக்குக் குறையாமல் பச்சை நீர் இறங்கும். கையில் மிஞ்சுவது ஓர் எலுமிச்சை அளவு உருண்டையாகத்தான் இருக்கும். இவ்வளவுதானா என்று மனம் இளகிப் பாதியில் நிறுத்திவிட்டால், அந்த நீர் பின்னர் தயிருக்குள் இறங்கி, சட்சிகி அரை மணி நேரத்தில் பச்சடியாகிவிடும். பிழிந்த துருவலை 200 கிராம் தயிரில் சேர்த்து, உப்புடன் நசுக்கிய பூண்டுப் பல் ஒன்று, ஆலிவ் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, வினிகர் ஒரு தேக்கரண்டி, பொடியாக நறுக்கிய சதகுப்பைக் கீரை கொஞ்சம் ஆகியவற்றைக் கலந்து, ஒரு மணி நேரம் குளிரவைத்துப் பரிமாறுங்கள். சதகுப்பை கிடைக்காவிட்டால் புதினா போதும். ஒரு பல்லுக்கு மேல் பூண்டு வேண்டாம். நேரம் ஆக ஆக அதன் காரம் ஏறிக்கொண்டே போகும். கிரேக்கர்கள் இதைச் சுட்ட இறைச்சிக்கும் ரொட்டிக்கும் தொட்டுக்கொள்கிறார்கள். நீங்கள் சப்பாத்திக்குத் தாராளமாகத் தொட்டுக்கொள்ளலாம்.

இதே தயிரில் அரை தேக்கரண்டி உப்பைக் கலந்து, துணியில் கட்டி, குளிர்சாதனப் பெட்டியிலேயே இன்னும் ஒரு நாள் வடியவிட்டால், லெபனான், சிரியா வீடுகளில் காலை உணவோடு வைக்கும் ‘லப்னே’ கிடைக்கும். வெண்ணெய்போல் ரொட்டியில் தடவி, மேலே ஆலிவ் எண்ணெய் விட்டுச் சாப்பிடுவார்கள். அதன் மேல் மிளகாய்ப்பொடியைத் தூவிச் சாப்பிட்டவள் நான். அந்த ஊர்க்காரர்கள் மன்னிப்பார்களாக. பனீரையோ கோழியையோ மசாலாவில் ஊறவைப்பதற்கும் இந்தத் தயிர் ஏற்றது. நீர் விடாமல் துண்டுகளோடு ஒட்டிக்கொள்ளும்.

இனிப்பில் ஆக எளியது, கிரேக்கர்கள் சாப்பிடும் முறை: தட்டையான கிண்ணத்தில் தயிரைப் பரப்பி, தேனை மேலாக ஊற்றி, உடைத்த வால்நட்டைத் தூவுவதோடு வேலை முடிந்தது. கலக்கிவிடாதீர்கள், புளிப்பும் தித்திப்பும் தனித்தனியே நாக்கில் படுவதில்தான் அதன் ருசி இருக்கிறது.

சற்று மெனக்கெடத் தயார் என்றால், மராத்தியர்களும் குஜராத்திகளும் செய்யும் ஸ்ரீகண்ட் இருக்கிறது. வடித்த தயிரை நெடுங்காலமாக இனிப்பாக்கி வருபவர்கள் அவர்கள். 250 கிராம் தயிருக்கு 80 கிராம் பொடித்த சர்க்கரை, ஒரு கரண்டி வெதுவெதுப்பான பாலில் ஊறிய குங்குமப்பூ, இரண்டு ஏலக்காயின் பொடி ஆகியவை போதும். சர்க்கரை சேர்ந்ததும் தயிர் இளகும். பதறாமல் இரண்டு மணி நேரம் குளிரவைத்தால் மறுபடி இறுகிவிடும். மாம்பழ விழுதைச் சேர்த்தால் அதுவே ஆம்ரகண்ட். இரண்டுக்கும் கொழுப்புள்ள தயிர்தான் பொருத்தம். உங்களிடம் இருக்கும் டப்பாவில் செய்தால் மழமழப்பு கொஞ்சம் குறைவாகவே இருக்கும்.

பேரனுக்கு இனிப்பும் உப்பும் சேர்க்காத தயிரைச் சிறிதளவு, மசித்த வாழைப்பழத்தோடு கொடுக்கலாம். பால் பொருள்கள் அவனுக்கு ஒத்துக்கொள்கின்றனவா என்பதைக் குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்குக் கொழுப்பு தேவை என்பதால் கொழுப்பு நீக்காத தயிரே அவனுக்கு நல்லது. ஆனால் ஒரு வயது நிறையும் வரை தேனை நாக்கில் தொட்டுவைக்கவும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் சிசுவின் குடலில் பெருகி நஞ்சை உண்டாக்கக்கூடும்.

வீட்டில் தயாரிப்பது கடினமன்று. கொழுப்பு நிறைந்த பால் ஒரு லிட்டரைக் காய்ச்சி உறை ஊற்றி, புளிக்கும் முன்பே எடுத்துக் குளிரவைத்து, பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து விரித்த வடிகட்டியில் கொட்டி, அடியில் பாத்திரம் வைத்து, குளிர்சாதனப் பெட்டியில் ஐந்தாறு மணி நேரம் விட்டுவிடுங்கள். நம் வெயிலில் வெளியே தொங்கவிட்டால் வடிவதற்குள் புளித்துவிடும். ஏறக்குறைய பாதி அளவு தயிர் துணியில் தங்கும். கீழே இறங்கிய இளமஞ்சள் நீரைக் கொட்டிவிடாதீர்கள். அதில் சப்பாத்தி மாவைப் பிசைந்தால் மறுநாளும் சப்பாத்தி மெதுவாகவே இருக்கும்.